கவனிப்பே தேவைப்படாத ரோஜாவும் வீரண்ணா மாமாவின் கூறைப் பாவும்

படிக்காதவன் ஒரு முட்டாள்தனம் செய்தால், செய்துவிட்டுத் தலையைச் சொறிவான். படித்தவன் அப்படியல்ல. செய்வதற்கு முன்பே பத்துப் பேரைக் கூப்பிட்டு நிற்கவைத்து, அதனால் விளையப்போகும் நன்மைகளை விளக்கியிருப்பான். அதனால் பிற்பாடு தலையைச் சொறியக்கூட அவனுக்கு ஒதுங்க இடம் கிடைக்காது. நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவன். எனக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது. வீடு அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருவில்; வேலை திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். எங்கள் தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வெளியே தமிழ். (சண்டை என்றால் வீட்டுக்குள்ளும் தமிழ்தான். பக்கத்துத் தெருவுக்கும் புரிய வேண்டாமா?) அந்தத் தெருவில் தறிக்குழிக்குள் கால் வைக்காமலே வளர்ந்த முதல் ஆண்பிள்ளை நான். அதை நான் ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்குப் பெண் கொடுக்க யோசித்த வீரண்ணா மாமாவுக்கு உறுத்தியதும் அதுதான்.

வீரண்ணா மாமா எங்கள் தெருவின் கைதேர்ந்த நெசவாளி. அவர் மகள் ருக்மணி. எங்கள் வீடுகளுக்கு இடையே நாலு வீடு. அந்த நாலு வீட்டையும் கடக்க நான் நாள்தோறும் எடுத்துக்கொண்ட நேரத்தில் திருச்சுழிக்கு நடந்தே போயிருக்கலாம். என் அம்மா போய்ப் பேச்செடுத்தபோது மாமா சொன்னாராம்:

"பையன் நல்ல பையந்தான் தங்கச்சி. சம்பளமும் சரி. ஆனா கையில ஒரு வேலையும் தெரியாதே. நாளைக்கு ஒண்ணு ஒடஞ்சா ஒட்டத் தெரியுமா, பிஞ்சா தைக்கத் தெரியுமா?"

இது என் காதுக்கு வந்தது. எனக்கா கைவேலை தெரியாது என்று ஒரு வைராக்கியம் வந்தது. வைராக்கியம் வந்த வாரத்திலேயே, கெட்ட நேரம், பள்ளி நூலகத்தில் ஒரு தோட்டக்கலைப் பத்திரிகையும் கையில் கிடைத்தது.

அதில் ஒரு கட்டுரை. தரையோடு தரையாகப் பாய் விரித்த மாதிரி படரும் ஒரு வகை ரோஜா. கடற்கரை வீடுகளுக்கும் சிறு தோட்டங்களுக்கும் மிகவும் ஏற்றது. உப்புக் காற்றைத் தாங்கும். மணலில் வளரும். ஒன்றரை அடிக்கு மேல் உயராது. கத்தரிக்க வேண்டாம், மருந்தடிக்க வேண்டாம், நட்டுவிட்டு மறந்துவிடலாம். கட்டுரையின் கீழேயே மலையூர் நர்சரி ஒன்றின் விளம்பரமும் இருந்தது. கட்டுரையை எழுதியவரும் விளம்பரம் கொடுத்தவரும் ஒருவராக இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது, பதினைந்து வருடம் கழித்து.

அருப்புக்கோட்டையிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். கடற்கரையில் என்ன உண்டு? உப்பு, காற்று, வெயில். எங்கள் ஊர்க் கிணற்றில் உப்பு உண்டு. ஆடியில் ஆளைத் தூக்குகிற காற்று உண்டு. வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. கடல் ஒன்றுதான் குறை, அதுவும் ரோஜாவுக்கு அவசியமில்லை. இப்படித்தான் அப்போதெல்லாம் நான் யோசிப்பேன்.

பன்னிரண்டு நாற்று தபாலில் வந்தது. சாக்குத் துணியில் சுற்றி, விரல் தடிமனில் பன்னிரண்டு குச்சி. தபால்காரர் தெருவே பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வெறகு பார்சல்ல வர்ற காலம் வந்துருச்சு சார்" என்று கையெழுத்து வாங்கிப் போனார்.

எங்கே நடுவது? எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு துவைகல்லுக்குத்தான் இடம். ஆனால் தெருவுக்குப் பின்னால் பாவடி இருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, நார் பிரஷ்ஷால் நீவிக் காயவைப்பார்கள். அந்த நீள நூல்களுக்குப் பாவு என்று பெயர்; அதற்கான பொட்டல் பாவடி. இரண்டு பக்கமும் வேப்பமரம். விடிந்ததும் வேலை தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அப்புறம் நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். ஆடு மாடு உள்ளே வர முடியாது. கஞ்சி வாசத்துக்கு ஆடு பாவைக் கடித்துவிடும் என்று முள் அடைத்து வைத்திருப்பார்கள். அந்தப் பாவடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வீரண்ணா மாமாவிடம் இருந்தது. அனுமதி கேட்கிற சாக்கில் கைவேலையையும் காட்டிவிடலாம் என்று அவரிடம் போனேன்.

அவர் குச்சிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முள்ளு இருக்கே தம்பி."

"இது உசரமா வளராது மாமா. தரையோட கெடக்கும். ஓரத்துல மரத்தடியிலதான் வைக்கப்போறேன்."

"எம்புட்டுத் தூரம் படரும்?"

"மூணு அடி. புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அது செடிக்குத் தெரியுமா?"

நான் சிரித்தேன். பாமரர்களின் கேள்விக்குப் படித்தவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. (இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.) மாமா குச்சிகளைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, வைங்க" என்றார்.

ஐப்பசி மழையில் நட்டேன். பத்திரிகை சொன்னபடி மறந்தேன். உண்மையாகவே மறந்தேன், ஒரு செம்பு தண்ணீர் ஊற்றவில்லை. மார்கழியில் போய்ப் பார்த்தால் பன்னிரண்டும் தழைத்து நிற்கிறது. மாசியில் பூத்தது. சித்திரை வெயிலில் கருவேல மரமே வாடி நிற்கிறபோது, என் ரோஜா பச்சைப் பசேலென்று பாவடி ஓரம் முழுக்கப் பாய் விரித்து, கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பில் பூத்துக் கிடந்தது. தெருப் பெண்கள் பறித்துத் தலையில் வைத்தார்கள். பாளையம்பட்டியிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்தார்கள். நான் பள்ளி முடிந்து வந்ததும் அங்கே போய் நின்றுகொள்வேன், யாராவது கேட்டால் விளக்குவதற்கு வசதியாக. யாரும் கேட்காவிட்டாலும் விளக்குவேன்.

எங்கள் தலைமையாசிரியர் ஆசைப்பட்டு இருபது கிளை வெட்டிக்கொண்டு போய்த் திருச்சுழியில் தம் வீட்டைச் சுற்றி நட்டார். இரண்டு வேளையும் நல்ல தண்ணீர் ஊற்றினார், பந்தல் போட்டார், சாணம் கரைத்து விட்டார். பத்தே நாளில் இருபதும் காய்ந்து சுள்ளியாகிவிட்டன. வருத்தத்தோடு என்னிடம் கேட்டார். நான் ஆசிரியர் அறையில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன்: "கவனிப்பு அதிகமாயிருச்சு சார். இது கவனிப்புத் தேவைப்படாத ரகம்." அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நல்ல மனிதர்.

என் செடி தழைக்கத் தழைக்க வீரண்ணா மாமாவின் மனசும் இளகியது. பையனுக்கு மண்ணாவது வசப்படுகிறது என்று நினைத்திருப்பார். பங்குனியில் வெற்றிலை பாக்கு மாற்றினோம். ஆவணியில் கல்யாணம்.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பெண் உடுத்துகிற கூறைச் சேலையைக் கடையில் வாங்கமாட்டார்கள். பெண்ணின் தகப்பனார் தன் கையால் பாவு போட்டு, தன் தறியில் நெய்து கொடுக்க வேண்டும். அந்தப் பாவு ஒரே ஒரு தடவைதான். அது கெட்டுப்போய் மறுபாவு போட்டால், பெண்ணுக்கு மறுகல்யாணத்துக்குச் சேலை நெய்கிற மாதிரி என்பார்கள். அப்படி மறுபாவு போட்ட தகப்பன் எங்கள் தெருவில் அதுவரை யாருமில்லை. அதனால் கூறைப் பாவு ஓடுகிற அன்று தெருவே பாவடியில் நிற்கும், மாப்பிள்ளையைத் தவிர. மாப்பிள்ளை அன்றைக்கு அதைத் தொடக்கூடாது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ருக்மணியின் கூறைப் பாவு ஓடியது. பள்ளி விடுமுறை. நான் தொடவில்லை. ஆனால் வேப்பமரத்தடியில் என் ரோஜாக்களுக்குப் பக்கத்தில், அவை என் சொந்தக்காரர்கள் மாதிரி, சலவை வேட்டியோடு நின்றிருந்தேன். மூன்று அடி படர வேண்டிய செடி அப்போது ஏழடி வந்திருந்தது. சில கிளைகள் பாவைத் தாங்கும் கவட்டைக் கம்புகளின் அடிவரைக்கும் நீண்டிருந்தன. வெட்டிவிடலாமா என்று முதல் நாள் மாமா ஆள்விட்டுக் கேட்டதற்கு, "பூ இருக்கயில வெட்டக்கூடாதுன்னு சொல்லுங்க" என்று பதில் அனுப்பியிருந்தேன்.

தேங்காய் உடைத்துப் பாவை இழுத்துக் கட்டினார்கள். மஞ்சள் தோய்ந்த நூல் வெயிலில் தகதகவென்றிருந்தது. கஞ்சி பூசியாயிற்று. மாமா ஒரு பக்கமும், அவரோடு வேலை செய்யும் சின்னச்சாமி அண்ணன் மறுபக்கமும், நார் பிரஷ்ஷை ஆளுக்கொரு முனை பிடித்து நீவிக்கொண்டே நடந்தார்கள். சின்னச்சாமி அண்ணன் நடந்த பக்கம் ரோஜாப் பக்கம்.

பாதி தூரம் வந்திருப்பார்கள். காற்று ஒரு தூக்குத் தூக்கியது. அண்ணனின் வேட்டி பறந்துபோய் ரோஜாமேல் விழுந்தது. விழுந்ததைச் செடி விடவில்லை. அவர் ஒரு எட்டு வைத்தார். வேட்டி அங்கேயே நின்றது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் எதிரே நிற்கிறார்கள். ஒரு கையில் பிரஷ், மறு கை சும்மா இருக்கிறது என்றாலும் ஒரு கையால் மட்டும் காப்பாற்றக்கூடிய மானம் இல்லை அது. அண்ணன் பிரஷ்ஷை விட்டார். பிரஷ் கவட்டைக் கம்பில் விழுந்தது. கம்பு சாய்ந்தது. அதோடு அடுத்த கம்பும் சாய, ஈரப் பாவில் பாதி அப்படியே போய் என் ரோஜாப் படுக்கையில் படுத்துக்கொண்டது.

அந்த நேரத்திலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இதை மாமா பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர் கையை உயர்த்தி, "யாரும் தொடாதீக" என்றுதான் சொன்னார். நிதானமாக முள் முள்ளாக விலக்கி எடுத்திருப்பார். ஆனால் அங்கே ஒரு தாவரவியல் பட்டதாரி இருந்தானே.

"எல்லாரும் ஒரே சமயத்துல தூக்குங்க" என்று கத்தினேன். "நான் சொல்றேன், தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு."

வாத்தியார் குரலுக்குக் கட்டுப்பட்டுப் பழகிவிட்ட ஜனங்கள். தூக்கிவிட்டார்கள். ரோஜா முள் கீழ்நோக்கி வளைந்திருக்கும், மேலே தூக்கினால் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும் என்று அதற்கு முந்தின வாரம்தான் ஒன்பதாம் வகுப்புக்குப் படம் போட்டுப் பாகம் குறித்திருந்தேன். நூல் அறுகிற சத்தம் பொரி பொரிகிற மாதிரி கேட்டது.

முதலில் வாயைத் திறந்தவள் ஒரு கிழவி. "கூறைப் பாவுல முள்ளு ஏறிருச்சே" என்றாள். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். சகுனம் சரியில்லை, சம்பந்தத்தை விட்டுவிடலாம், இன்னும் தாலி ஏறவில்லையே என்று என் காதுபடவே பேசினார்கள். ருக்மணி அவள் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. இந்தப் பெண் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது, அதைச் செய்தவன் நான்தான் என்று புரிந்தபோது, அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

மாமா மண்ணில் உட்கார்ந்து அறுந்த இழை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"மறுபாவு நான் போடமாட்டேன்" என்றார். "போட்டவுக யாருமில்ல, நானும் போடமாட்டேன். அறுத்தவுக வந்து முடிச்சுப் போடட்டும். ஆடிப் பதினெட்டுக்குள்ள இந்தப் பாவு தறியில ஏறணும். ஏறுச்சுன்னா கல்யாணம். ஏறலைன்னா அவுக வேற எடம் பாத்துக்கட்டும்."

"எத்தனை இழை மாமா?" என்று கேட்டேன்.

"ஐநூறுக்குக் கொறையாது. நீங்க படிச்சவுக, எண்ணிக்கங்க."

ஆடிப் பதினெட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. பள்ளிக்குக் காய்ச்சல் என்று லீவு எழுதினேன். (பொய் இல்லை. மூன்றாம் நாள் வந்தது.) கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால், தறியும் சுருட்டிக் கொண்டுவந்த பாவும் இருந்த முன் அறைக்கும் வீட்டுக்கும் நடுவே அத்தை ஒரு ஜமக்காளத்தைத் தொங்கவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தறிக்குழி ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

நெசவாளர் போடும் முடிச்சைச் சின்னச்சாமி அண்ணன் சொல்லிக்கொடுத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் சொல்லிக்கொடுத்தார். தறியில் அச்சு என்று சீப்பு மாதிரி ஒன்று இருக்கும். ஒவ்வொரு இழையும் அதன் பல்லுக்குள் நுழைந்து வர வேண்டும். முடிச்சு எள்ளை விடப் பெரிதாக இருந்தால் நுழையாது. என் முடிச்சுகள் புளியங்கொட்டை அளவில் வந்தன. முதல் நாள் முழுக்க உட்கார்ந்து பதினெட்டுப் போட்டேன். மாமா சாயங்காலம் வந்து விரலால் ஒரு நீவு நீவி, பதினாறை வெட்டிவிட்டுப் போனார். கோபமே இல்லாமல் வெட்டினார். நான் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரியே இருந்தது.

ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கம் ருக்மணி இருந்தாள். ஒட்டுப் போடுவதற்கான துண்டு நூலை ஜமக்காளத்தின் ஓரமாக ஒவ்வொன்றாக நீட்டுவாள், நான் வாங்கிக்கொள்வேன். நாலு நாள் ஒரு பேச்சும் இல்லை. ஐந்தாம் நாள் அத்தை தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, நானே வாயைக் கொடுத்தேன்.

"அந்தச் செடி இப்பிடி வளரும்னு நான் நெனைக்கவே இல்ல. தண்ணிகூட ஊத்தாத செடி."

அடுத்த துண்டு நூலை நீட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"தண்ணி ஊத்தாம எது வளரும்? பாவு ஓடி முடிஞ்சதும் மிச்சக் கஞ்சியும் பானை கழுவுன தண்ணியும் நாந்தான் தெனமும் ஊத்துனேன்."

என் கையிலிருந்த இழை நழுவியது. எட்டு மாதம். தெருவில் ஓடிய அத்தனை பாவுக்கும் மிஞ்சிய கஞ்சி. அருப்புக்கோட்டையிலேயே தினசரி வேளை தவறாமல் கஞ்சி குடித்து வளர்ந்த ஒரே ரோஜா என்னுடையது. பாளையம்பட்டி ஆட்களுக்கு நான் விளக்கியதையும், தலைமையாசிரியர் எழுதிக்கொண்டதையும் நினைத்துப் பார்த்தேன்.

"சொல்லியிருக்கலாமே?"

"நட்டு ஒரு மாசத்துலயே வாடிருச்சு. செத்துப்போனா உங்களுக்கு மனசு கஷ்டப்படும். எங்கப்பாவும் சம்மதிக்கமாட்டாக. அதான் ஊத்துனேன். நீங்க ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீக. பெறகு எப்பிடிச் சொல்ல?"

நழுவிய இழையைத் தேடி எடுத்தேன். அதற்கப்புறம் என் விரல் வேகமாக ஓடியது. மனசுக்குள் அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு வெட்கமும் ஒன்றாக அன்றைக்குத்தான் இருந்தன.

ஆடிப் பதினேழு சாயங்காலம் முப்பது இழை பாக்கி. மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்தேன். தெருவில் எல்லாரும் சித்ரான்னம் கட்டிக்கொண்டு இருந்தார்கள். (எங்கள் ஊரில் பெருகுவதற்கு ஆறு கிடையாது. ஆனாலும் சோறு கட்டுவோம்.) பத்து மணிக்குக் கடைசி முடிச்சு விழுந்தது. மாமா வந்து உட்கார்ந்து, பாவு முழுக்கக் கட்டை விரலை ஓட்டினார். மூன்று இடத்தில் நிறுத்தினார். மூன்றையும் வெட்டினார். நான் அங்கேயே அவர் கண்முன் மூன்றையும் திரும்பப் போட்டேன். அவர் மறுபடி தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"தறியில ஏத்துப்பா" என்றார் சின்னச்சாமி அண்ணனிடம். என் பக்கம் திரும்பி, "மாப்ள, சாப்ட்டுப் போங்க" என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து முதல் தடவையாக அன்றைக்குத்தான் வந்தது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. சேலை முந்தானையில் ஒரு சாண் தூரத்துக்கு என் முடிச்சுகளால் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. வந்த பெண்களெல்லாம் இது என்ன புது டிசைன் என்று தடவிப் பார்த்தார்கள்.

ரோஜாவைக் கடப்பாரை போட்டு நானே தோண்டி எடுத்தேன். அடுத்த மழைக்குத் துளிர்த்தது. மறுபடி தோண்டினேன், மறுபடி துளிர்த்தது. கஞ்சி குடித்து ஊறிய வேராயிற்றே. மூன்று வருடம் நடந்தது இந்தப் போராட்டம். அதில் ஒரு தடவைகூட அது என் கவனிப்பை எதிர்பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் மாப்பிள்ளை பார்க்கப் போனால், குடிப்பாரா, சீட்டாடுவாரா என்பதற்கெல்லாம் முன்னால், "செடி கிடி வளப்பாரா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்டுவிட்டு, நான் கூட்டத்தில் இருந்தால் என்னைப் பார்ப்பார்கள். புரியாத மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோய், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.

என் மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் யாரோ ஒரு பெரியவர் சம்பிரதாயம் தவறாமல் கேட்டார். பையன் பாவம், வெளியூர். உற்சாகமாக, "மொட்டை மாடியில நாப்பது தொட்டி ரோஜா வச்சிருக்கேன்" என்றான். சின்னச்சாமி அண்ணன் அந்த வயதிலும் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் கூரையைப் பார்த்தேன்.

காப்பித் தட்டோடு வந்த ருக்மணிதான் பேசினாள்.

"செடி வச்சா வச்சுட்டுப் போறாரு. அது ஒரு நா தப்பாப் போனா, பக்கத்துல உக்காந்து சரி பண்ணுவாரான்னு மட்டும் கேளுங்க."